பாதி வழியில் திரும்பி வருவார் ரெஜினா அக்கா

பெரிய வெள்ளிக்கிழமை அன்று கோயில் மணி அடிக்காது. வியாழக்கிழமைப் பூசையோடு மணிக்கயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். உயிர்ப்பு விழாப் பூசையில்தான் அவிழ்ப்பார்கள். அதனால் ரெஜினா அக்கா இறந்த செய்தி நமக்கு மணியோசையாக வரவில்லை. கால்நடையாக வந்தது. வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் துக்க மணி கேட்டு ஏரிக்கரை வரை ஆட்கள் நின்று, யார் யார் என்று கேட்டிருப்பார்கள். அன்று மணியடித்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அந்தோணி தாத்தா ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கிக் கதவைத் தட்டினார். எங்கள் வீட்டுக்கு வந்தபோது பனி இன்னும் விலகவில்லை.

"பூக்கார ரெஜினா போயிருச்சும்மா. விடியக்காலம் மூச்சு இழுப்பு வந்திருக்கு. ஜீப்பு வர்றதுக்குள்ள அடங்கிப்போச்சு."

அம்மா "சேசுவே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. "லில்லி மொட்டெல்லாம் எங்க இருக்கு தாத்தா?" என்று கேட்டேன். அம்மா என்னை முறைத்தார். தாத்தா முறைக்கவில்லை.

"அதான் பாப்பா எனக்கும் ரோசனையா கெடக்கு," என்றார்.

ரெஜினா அக்காவைத் தெரியாதவர்கள் நம் கோயில் பங்கில் இல்லை. ஆனால் நம் கோயில் வெளியிடும் இந்த மலர் இதழ் வெளியூர்களுக்கும் போகிறது என்பதால் கொஞ்சம் சொல்கிறேன். அக்கா முதலில் ஏரிப் பக்கம் ஒரு ஹோட்டலில் டைப்பிஸ்டாக இருந்தார். வரவேற்பு மேசையில் ஒரு ஜாடி நிறைய பிளாஸ்டிக் ரோஜா இருந்ததாம். வாரத்துக்கு ஒருமுறை அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து வைப்பதும் அக்காவின் வேலை. ஒரு நாள் கழுவிக்கொண்டிருந்தவர் அதை அப்படியே குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பின்பக்கம் பூத்திருந்த ஹைட்ரேஞ்சாவில் இரண்டு கொத்தை ஒடித்து வந்து வைத்தார். மேனேஜர் கோபமாகத்தான் வந்தார். அதற்குள் அறை எடுக்க வந்த ஒரு குடும்பம் ஜாடிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. அப்புறம் டைப் அடிக்கிற வேலை மெல்ல மெல்ல நின்றுபோனது. ஹோட்டல் மேசைகள், ஞானஸ்நான வீடுகள், நிச்சயதார்த்தம், கல்யாணம், குருவானவர்களின் வெள்ளி விழா என்று எங்கே விசேஷமோ அங்கே அக்கா இருந்தார். முப்பத்துக்கு மேல் வயதாகவில்லை. 'பூக்கார ரெஜினா' என்று ஊர் சொல்வது அவருக்குப் பிடிக்காது. "நான் என்ன கூடையில மொழம் போட்டா விக்கிறேன்?" என்பார். ஆனால் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பிப் பார்ப்பார்.

நான் அவரிடம் பூ அலங்காரம் கற்கவில்லை. கற்றேன் என்று யாராவது நினைத்துக்கொண்டால் அது அக்காவுக்கு அவமானம். எங்கள் வீட்டில் தம்பிகள் சத்தம். அக்கா வீட்டுக்குப் பின்னால், சரிவில், தகரக் கூரை போட்ட பூக்கொட்டகை இருக்கிறது. ஓடைத் தண்ணீர் குழாய் வழியாக ஒரு கல்தொட்டியில் விழுந்துகொண்டே இருக்கும். அங்கே ஒரு மூலையில் கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்து புத்தகம் படிக்கப் போவேன். இரண்டாவது நாளே அக்கா, "மனசுக்குள்ள படிக்கிறதுன்னா வீட்டுக்குப் போ. இங்க உக்காந்தா சத்தமா படி," என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் வாசகி. வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதையைப் படிப்பேன். அக்கா கோழி வலையைக் கசக்கி ஜாடிக்குள் திணித்துக்கொண்டே கேட்பார். பூத்தண்டுகள் சாயாமல் நிற்பதற்கு அந்த வலை.

"அவன் கதவத் தட்டிட்டானா?"

"இல்லக்கா. இன்னும் வாசல்லதான் நிக்கிறான். நிலாவப் பத்தி வருது."

"போன வாரமும் வாசல்லதான நின்னான்! கால் வலிக்காதா அவனுக்கு? நிலாவ விட்டுட்டு வெரசா கீழ போ, வாத்தியாரம்மா."

"விட்டுப் படிச்சா கதை புரியாதுக்கா."

"எனக்குப் புரியும். கதவு தொறக்கணும். அம்புட்டுதான்."

அக்காவால் எதற்கும் காத்திருக்க முடியாது. நின்றுகொண்டே காபி குடிப்பார். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பிடிக்காமல் அடுத்த நிறுத்தம் வரை நடப்பார். நடுவில் பஸ் தாண்டிப் போய்விடும். வேலை முடிந்துவிட்டது என்று சொல்வது அவருக்கு வராது. ஒரு வீட்டில் பூ வைத்து முடித்து, வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, பாதி வழி போனபிறகு அப்படியே நிற்பார். "ஒண்ணு முழிச்சுக்கிட்டு நிக்குது," என்பார். திரும்பி நடப்பார். அந்த வீட்டுக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே ஜாடிக்குப் போய், ஒரே ஒரு தண்டை விரலளவு திருப்பிவிட்டு, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே வருவார். ரெஜினா இரண்டாவது தடவை வந்து போனால்தான் விசேஷ வீட்டில் கதவைச் சாத்துவார்கள் என்று நம் ஊரில் ஒரு கேலி உண்டு.

ஸ்டெல்லா அக்காவின் கல்யாணத்தன்று கோயிலில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் பங்குப் பெண், மலைக்குக் கீழே கன்னிவாடியில் கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பஸ் பிடித்து மலையேறி வந்திருந்தார்கள். பீடத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் கிளாடியோலஸ், வெள்ளையும் வெளிர் சிவப்புமாக, பெரணி இலையோடு உயர உயர நின்றது. மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டு, "இம்புட்டுதானா? எங்க ஊர்ல மேடையே தெரியாது, பூவாத்தான் இருக்கும்," என்றார். அக்கா, "நீங்க மருமவளப் பாக்க வந்தீகளா, பூவப் பாக்க வந்தீகளா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஏரி முக்கில் பெண்ணின் கார் எதிரே வந்தது. கார் நின்று, ஸ்டெல்லா அக்கா இறங்கி, ரெஜினா அக்காவைக் கட்டிக்கொண்டார். அந்த நொடியில்தான் தவறு புரிந்தது. ரெஜினா அக்கா நல்ல உயரம். பூ எந்த உயரம் இருக்க வேண்டும் என்று அவர் எப்போதும் தானே பெண் நிற்கும் இடத்தில் நின்று பார்த்துத்தான் முடிவு செய்வார். ஸ்டெல்லா அக்கா அவருடைய தோளுக்கும் கீழே.

"ஏ புள்ள, நீ இம்புட்டுக் குட்டையா? சொல்ல மாட்டியா?"

"சின்னதுல இருந்து பாத்துக்கிட்டுத்தானக்கா இருக்கீங்க!"

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குறுக்குப் பாதையில் ஓடினார். பெண் உள்ளே நடந்து வருவதற்கும் அக்கா பக்கவாட்டுக் கதவில் நுழைவதற்கும் சரியாக இருந்தது. பாடகர் குழு பாட்டை முடிக்கப் போனது. அக்கா முழங்காலிட்டு, ஒவ்வொரு தண்டாக உருவி, அடியில் ஒரு முழம் வெட்டித் திரும்பக் குத்தத் தொடங்கினார். சாமியார் விழித்துக்கொண்டு நின்றார். அக்கா திரும்பாமலே, "இன்னொரு சரணம் பாடுங்கப்பா!" என்றார். அவர்கள் பாடினார்கள். அது முடிந்ததும் "இன்னும் ஒண்ணு!" என்றார். கோயிலே குலுங்கிச் சிரித்தது. அன்றைக்கு எடுத்த எல்லாப் போட்டோவிலும் ஸ்டெல்லா அக்காவின் முகம் முழுசாகத் தெரியும். ஒன்றில் மட்டும் பீடத்தின் ஓரத்தில் ஒரு செருப்பில்லாத கால் தெரியும். அது ரெஜினா அக்காவுடையது.

இன்னொரு நாள் கிளாவரையிலிருந்து காய்கறி லாரியில் வந்த ஒரு விவசாயி, கேரட் முற்றிப் பூத்துப்போனதை மாட்டுக்குப் போடக் கட்டி வைத்திருந்தார். வெள்ளை நூலில் பின்னிய குடை மாதிரி இருக்கும் கேரட் பூ. அக்கா லாரியையே நிறுத்தி அதை வாங்கினார். டிவி கோபுரம் கட்ட வந்த இன்ஜினியர்கள் தங்கியிருந்த ஹோட்டலில், சாப்பாட்டு மேசைகளில் அந்த வாரம் அதுதான். அந்த விவசாயி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "எங்க மாடு திங்கிறத மேசையில வச்சிருக்காகளே, நாளைக்குப் புண்ணாக்கையும் வைப்பாகளா?" என்று கேட்டார். அக்கா, "கேட்டா வைப்பேன்," என்றார்.

இதையெல்லாம் எழுதும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அக்காவுக்குப் பூ ஆகாது என்பதையும் எழுத வேண்டும். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. பூவின் நடுவில் இருக்கும் மஞ்சள் தூளைப் பாடப்புத்தகம் மகரந்தம் என்கிறது. அக்கா வீட்டில் அதற்குப் பெயர் 'பொடி'. பொடி மூக்கில் ஏறினால் அக்காவுக்கு மூச்சு விசில் அடிக்கும். கைக்குட்டையை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டுதான் வேலை செய்வார். ஆஸ்பத்திரியில், "வேற சோலி பாரும்மா," என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார்கள். அக்காவின் அம்மா ஞானம்மாள் பெரியம்மாவும் அதையேதான் சொல்வார், இன்னும் உரக்க.

"டைப்பு அடிக்கிற கைக்கு என்ன வந்துச்சு? காகிதத்துக்குப் பொடி உண்டா? நிம்மதியா உக்காந்த எடத்துல இருக்கலாம்ல?"

"உக்காந்தா தூக்கம் வருதும்மா."

"தூங்குடி. தூங்குனா என்ன?"

"பெறகு எப்ப முழிக்கிறது?"

பெரியம்மா விறகை எடுத்து அடுப்பில் வேகமாகச் செருகுவார்.

ஆனால் ஈஸ்டர் லில்லி விஷயத்தில் பெரியம்மாவும் கூட்டு. அதை நம் பங்கில் பலரும் அறிந்திருக்க மாட்டீர்கள். வீட்டுக்குப் பின்னால் படிப்படியாக வெட்டிய நிலத்தில் அக்கா அந்த லில்லியை வளர்த்தார். நீளமான வெள்ளைக் குழல் போன்ற பூ. தவக்காலம் முழுக்கப் பீடத்தில் பூ கிடையாது. வியாழன் இரவு பீடத்துணியைக்கூட உருவிவிடுவார்கள். அந்த வெறுமைக்குப் பிறகு உயிர்ப்பு விழாவில் திடீரென்று வெள்ளையாக நிற்க வேண்டும். முதல் நாளே விரிந்து சோர்ந்த பூவாக இருக்கக் கூடாது. அதனால் மொட்டாகவே அறுத்து வாளிகளில் போட்டு, கல்தொட்டியின் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்திவைப்பார். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை முடிந்ததும் வாளிகளைத் தூக்கி அடுப்படிக்குக் கொண்டுபோவார். விறகடுப்பின் சூட்டில் மொட்டுகள் மெல்ல இளகும். "என் அடுப்படியில மனுசர் நிக்க எடமில்ல, இதுக்குச் சூடு காட்டணுமாம்," என்று பெரியம்மா ஒவ்வொரு வருடமும் திட்டுவார். திட்டிக்கொண்டே தீயைத் தணிப்பதும் தூண்டுவதும் அவர்தான். சனிக்கிழமை வெள்ளனே எழுந்து, மகள் வருவதற்கு முன்பே, விரிந்த ஒவ்வொரு பூவுக்குள்ளும் விரலை விட்டுப் பொடியைக் கிள்ளி எடுத்துவிடுவார். கேட்டால், "பீடத் துணியில கறை படும்," என்பார். அவர் எதற்காகச் செய்தார் என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும்.

இந்த வருடம் வாளிகள் அடுப்படிக்குப் போகவில்லை. துக்க வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீடுகளிலிருந்து காபியும் கஞ்சியும் வந்தன. நான் வெள்ளிக்கிழமை முழுக்க அந்த வீட்டுக்கும் கொட்டகைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உட்கார முடியவில்லை. ஜெபமாலை சொல்லும் இடத்தில் முழங்காலிட்டால் பாதியில் எழுந்துவிடுவேன். தொட்டியில் மொட்டுகள் பச்சை மாறாமல், இறுக மூடி, அப்படியே நின்றன. குழாய்த் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் திரும்பி வருவேன். பெரியம்மா வாசலில் உட்கார்ந்திருப்பார்.

வாசலை விட்டு அவர் நகரவே இல்லை. எதற்காக என்பது ஹோட்டல் மேனேஜர் பெரிய மலர்வளையத்தோடு வந்தபோது தெரிந்தது.

"அய்யா, நீங்க உள்ள வாங்க. அத வெளிய வச்சிட்டு வாங்க."

"அம்மா, இது ரெஜினாவுக்கு நாங்க மரியாதையா..."

"எம் புள்ள மூச்ச அடைச்சது இதுதான்யா. செத்தபெறகும் அவ மூஞ்சிக்கிட்ட கொண்டுபோகணுமா? ஒரு பூ உள்ள வரக்கூடாது."

மேனேஜர் வளையத்தைக் கல்சுவர் மேல் வைத்தார். பிறகு வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே வைத்தார்கள். அக்கா யார் யார் வீட்டுக்கெல்லாம் பூ வைத்தாரோ அவர்கள் எல்லோரும் கையில் பூவோடுதான் வந்தார்கள். வேறு எதைக் கொண்டுவருவார்கள்? டேலியா, கார்னேஷன், வீட்டுச் செடியில் பறித்த ரோஜா. சனிக்கிழமை காலை, பஸ்காரர் சொல்லிக் கேள்விப்பட்டு, ஸ்டெல்லா அக்கா கன்னிவாடியிலிருந்து வந்தார். மடியில் பந்தாகச் சுருட்டிய மல்லிகைச் சரம்.

"பெரியம்மா, எனக்காகப் பூசைக்கு நடுவுல வந்து பூ வெட்டுன அக்கா. இந்த ஒண்ணு மட்டும்..."

"வெளிய வை தாயி."

ஸ்டெல்லா அக்கா சுவரில் வைத்தார். சுவர் முழுக்கப் பூ. உள்ளே மூடாத பெட்டியில் அக்கா, வெறும் வெள்ளைச் சேலையில், கையில் ஜெபமாலையோடு. ஊரில் பூ வாங்க வழியில்லாத வீட்டுப் பிணத்துக்குக்கூட அக்கா நாலு பெரணி இலையாவது கொண்டுபோய் வைப்பார். அவருக்கு ஒரு இலை இல்லை.

கோயிலும் அன்று வெறுமையாகத்தான் இருந்தது. புனிதர்களின் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடியிருந்தார்கள். பீடம் வெறும் கல். அந்த இரண்டு நாளும் அடக்கப் பூசை வைக்கக் கூடாது என்பதால் சாமியார் ஜெபம் மட்டும் சொன்னார். மணி இல்லை. மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு அந்தோணி தாத்தா முன்னால் நடந்தார். கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது, பூ போடும் நேரம் என்று ஒன்று வருமே, அந்த இடத்தில் எல்லோரும் வெறுங்கையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பெரியம்மாவைப் பார்த்ததும் அந்தக் கோபமும் நிலைக்கவில்லை.

துக்க வீட்டுக்குத் திரும்பிக் கால் கழுவி உட்கார்ந்ததும் அந்தோணி தாத்தா படியில் நின்றார். துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் சொல்லிவிட்டார்.

"ஞானம்மா, தப்பா எடுத்துக்காத. ராத்திரி உயிர்ப்புப் பூசை. பீடம் மொட்டையா கெடக்கு. அந்த லில்லி மொட்டு ஒண்ணும் விரியல. அதத் தொந்தரவு பண்ண வேணாம், பேப்பர் பூ வச்சுக்கலாம்னு சாமி சொல்றாரு."

பெரியம்மா நிமிர்ந்தார். "என்ன பூ?"

"பேப்பர் பூ. கிறிஸ்மஸ்சுக்குக் குடில்ல ஒட்டுனது, பெட்டியில கெடக்கு."

"எம் மவ வச்ச பீடத்துலயா?"

பெரியம்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். தீப்பெட்டியை உரசும் சத்தம் கேட்டது. அக்காவின் அத்தை பதறிக்கொண்டு ஓடினார்.

"மதினி, என்ன பண்றீக? சாவு வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாதுல்ல! ஊரு என்ன சொல்லும்?"

"நான் சோறா பொங்குறேன்?" என்றார் பெரியம்மா. "ஏ வாத்தியாரம்மா, அங்க என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? வாளியத் தூக்கிட்டு வா. வெரசா."

அந்தப் பெயரால் அதுவரை பெரியம்மா என்னைக் கூப்பிட்டதில்லை. நான் ஓடினேன். ஸ்டெல்லா அக்காவும் தாத்தாவும் ஆளுக்கொரு வாளி. பெரியம்மா வாளியில் இருந்த தொட்டித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றச் சொன்னார். தீயைத் தணித்தார், தூண்டினார். கதவைச் சாத்தினார். புகையில் கண் எரிந்தது. அழுகிறவர்களும் புகையால் கண் துடைப்பவர்களும் ஒரே மாதிரி இருந்தோம். மதியம் தாண்டிய பிறகு ஒரு மொட்டின் நுனி பிளந்தது. அப்புறம் இன்னொன்று. பாதிக்கு மேல் கடைசி வரை அசையவில்லை. பெரியம்மா விரிந்ததை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்து, உள்ளே விரலை விட்டார். பிறகு கையை வெளியே எடுத்துவிட்டார். பொடியைக் கிள்ளவில்லை. "இனி எதுக்கு," என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் பீடத்தில் அவற்றை வைத்தது நானும் ஸ்டெல்லா அக்காவும். எங்கள் லட்சணம் எங்களுக்குத் தெரியும். தாத்தா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி வரிசையா நிக்குதே பாப்பா. ஜனகணமன பாடச் சொல்லுவியா?" என்றார். கலைத்து வைத்தோம். இன்னும் மோசமாக வந்தது. மூடிய மொட்டுகளையும் சேர்த்தே வைத்துவிட்டு வந்தோம்.

ஞாயிறு காலைப் பூசைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்தீர்கள். உள்ளே கூட்டத்தின் மூச்சும் மெழுகுவத்தியின் சூடும் ஏற ஏற, பிரசங்கத்தின் நடுவில் ஒரு மொட்டு விரிந்தது. முன் பெஞ்சில் ஒரு குழந்தை "ஐ!" என்றது. நற்கருணை கொடுக்கும்போது இன்னும் இரண்டு. சாமியார் என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. அடுத்தது எது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பூசை முடிந்ததும் பீடத்துணியில் மஞ்சள் மஞ்சளாகப் பொடி உதிர்ந்து கிடந்தது. சாமியாரின் வெள்ளை அங்கியின் கையிலும் ஒரு கோடு. தாத்தா துணியை மடித்துக்கொண்டு, "சலவைக்காரர் என்னையத்தான் திட்டுவாரு," என்று புலம்பினார். கடைசி பெஞ்சில் இருந்த பெரியம்மா அதைக் கேட்டார். எழுந்து வந்து மடித்த துணியை வாங்கி விரித்து, அந்த மஞ்சளை வெகு நேரம் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். கையில் மிச்சமிருந்த லில்லிகள், எல்லாம் முழுசாக விரிந்தவை. "கூட வா," என்றார். கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஈரமண் மேல் அவர் பூவை வைக்கும்போதுதான் பார்த்தேன். ஒரு பூவில்கூடப் பொடி இல்லை. எல்லாவற்றையும் சுத்தமாகக் கிள்ளியிருந்தார். அவருடைய விரல் நுனிகள் மஞ்சளாக இருந்தன.

நான் அவற்றைப் பார்ப்பதைக் கவனித்து, "அவளுக்கு ஆகாதுல்ல," என்றார்.

நாங்கள் திரும்பினோம். சரிவில் இறங்கி, கேட் தாண்டி, பஸ் போகும் ரோட்டுக்கு வந்துவிட்டோம். பெரியம்மா நின்றார். "ஒண்ணு ஒண்ண இடிச்சுக்கிட்டு கெடந்துச்சு," என்றார். "நீ நில்லு. நான் போயிட்டு வந்துர்றேன்." நான் நிற்கவில்லை, கூடவே போனேன். அவர் குனிந்து, ஒரே ஒரு தண்டை விரலளவு நகர்த்தினார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார். மூன்று நாளில் அப்போதுதான் அவர் அழுததைப் பார்த்தேன். எனக்கும் அப்போதுதான் வந்தது.

அக்காவின் கத்தரிக்கோல் பெரியம்மாவிடம் இருக்கிறது. கோழி வலையை ஸ்டெல்லா அக்கா கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தொடர்கதையில் வாசலில் நின்றவன் இந்த வாரம் கதவைத் தட்டிவிட்டான். அதை நான் கொட்டகையில் போய் உரக்கப் படித்தேன், நிலாவை விட்டுவிட்டு. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, பாதி வழியில் நின்று திரும்பிப் போகும் அக்காவின் அந்தப் பழக்கம். இந்தக் கட்டுரையை எழுதி முடித்து மலர் இதழ் வேலை பார்க்கும் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஏரி முக்கு வரை போனேன். ஏதோ ஒன்று முழித்துக்கொண்டு நின்றது. திரும்பிப் போய்த் தாளைக் கேட்டு வாங்கினேன். கடைசி வரியில், 'ரெஜினா அக்கா அமைதியாக இளைப்பாறுகிறார்' என்று எல்லோரும் எழுதுவதுபோல எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டேன். அவர் அப்படி இருக்க மாட்டார்.